முகத்துவாரப் பாடும் ஏழு மாகாணமும்

பழவேற்காட்டு ஒல்லாந்தர் கோட்டையில் நான் துபாஷியாகச் சேர்ந்த மூன்றாம் மாதமே என் வேலைக்கு உலை வைக்க ஒரு கைதி வந்தான். பெயர் கன்னியப்பன். அவன் வலையையும் சிப்பாய்கள் கட்டித் தூக்கி வந்திருந்தார்கள்.

விஷயம் இதுதான். முகத்துவாரத்து இறால் முழுவதும் கோட்டைக்கே என்று தோணிரேவு ஊர்த்தலைவரிடம் கோட்டைத் துரை ஒப்பந்தம் வாங்கியிருந்தார். தலைவருக்கு ஒரு தொப்பி கிடைத்தது. ஆனால் அந்த இடத்தில் தோணிரேவோடு சேர்த்து மூன்று ஊர்கள், நாளுக்கு ஓர் ஊராக முறை வைத்து வலை போடுகின்றன. அந்த முறைக்குப் பாடு என்று பெயர். துரை இதைக் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்லும் வழக்கம் அப்போது எனக்கும் இல்லை. கன்னியப்பன் பக்கத்து ஊர்க்காரன். அன்று அவர்கள் பாடு.

"இன்னா தொர இது? அவுரு அவுங்க ஊருக்குக் கீறல் போட்டா எங்களுக்கு எப்டி செல்லும்? மூணு ஊரும் ஒண்ணாக் குந்திப் பேசினாத்தான் செல்லும். வலையக் குடுத்துடு. இறால் ஓட்டம் நாலு நாள்ல நின்னுபூடும், அப்பால புள்ளைங்க பட்டினி கெடக்கும்" என்றான்.

துரைக்கு மூக்கு சிவந்தது. "கூட்டாகச் சேர்ந்த பிறகு ஒருவன் கையெழுத்து எல்லோரையும் கட்டுப்படுத்தும். ஊருக்கு ஊர் ராஜாவா?" என்றார்.

அந்த நேரம் பார்த்து, இந்தச் சீமையை ஆளும் ராயரின் தூதர் வந்து, துரை தருவதாக எழுதிக்கொடுத்த பீரங்கிகள் எங்கே என்று கேட்டார். துரை கொஞ்சமும் தயங்கவில்லை. "கையெழுத்துப் போட்டது உண்மை. ஆனால் எங்கள் தேசம் ஏழு மாகாணம் சேர்ந்தது. ஒன்று மறுத்தாலும் செல்லாது."

புது உத்தியோக உற்சாகத்தில் அதைக் கூடம் அதிர மொழிபெயர்த்தேன்.

கன்னியப்பன் முகம் மலர்ந்தது. "அட, தொர ஊட்லயும் நம்ம கட்டுப்பாடுதானா! இன்னொரு தபா சொல்லு நைனா."

தூதர் சிரித்துவிட்டார். என்ன சொல்கிறான் என்று துரை கேட்டார். சொன்னேன். ஒருவன் கையெழுத்தே போதும் என்று இப்போது வலையைக் கொடுக்காவிட்டால், அதே நியாயப்படி பீரங்கியைக் கொடுக்க வேண்டும். துரை வலையைக் கொடுத்தார்.

பிறகு, கூடிப் பேசிப் புது ஒப்பந்தம் போட மூன்று ஊர்த்தலைவர்களுக்கும் ஆளனுப்பினார். "ஒங்க ஏழும் ஒத்துக்கினதும் சொல்லியனுப்புங்க, நாங்களும் கூடிக்கிறோம்" என்று பதில் வந்தது. நான் ஓய்வு பெறும் வரை இரு தரப்பும் கூடவில்லை.

புதிதாக வரும் துபாஷிகளுக்கு என் புத்திமதி: துரை சாக்குச் சொல்லும்போது கூடத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்து, மெல்லப் பேசுங்கள். நான் மட்டும் கடைசி வரை உரக்கத்தான் பேசினேன்.