எல்லோருக்கும் ஒரே லாகின்

அம்பத்தூர் அலுவலகத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும்தான் இருந்தேன். சர்வரில் ஓடுவதற்காக வரிசையில் காத்திருந்த என் மூன்று ஜாப்களை, அதாவது கணக்கீட்டு வேலைகளை, நீக்க வேண்டும். ஒவ்வொன்றின் எண்ணையும் தட்டச் சோம்பல்பட்டு, லாகின் பெயரைக் கொடுத்து ஒரே கமாண்டில் அழித்தேன். அது எங்கள் கிளைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான லாகின் என்பது, வரிசையே காலியான பிறகுதான் உறைத்தது. நான்கு நாளாகக் காத்திருந்த ‘முருகேசன் ஆவடி’ என்ற ஜாப்பும் போய்விட்டது.

ஆவடி கிளையில் வேலை செய்யும் அந்த முருகேசனை நான் பார்த்ததே இல்லை. போன் செய்து ஒப்புக்கொண்டேன்.

“உடுங்க சார், மறுபடி போட்டுக்கறேன். ஞாயித்துக்கெழம நீங்களும் தனியாத்தான் கீறீங்களா?”

அந்த ‘நீங்களும்’ என்னை என்னவோ செய்தது.

இப்போதெல்லாம் எண் கொடுத்துத்தான் நீக்குகிறேன். வரிசையில் அவர் பெயர் தெரிந்தால், என் வேலை முடிந்தும் சற்று நேரம் திரையை அணைக்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.