மச்சச் சட்டியும் நாய்ச் சோறும்

நான் இருக்கும் ஜெர்மன் ஊரின் கடையில் நாய்த்தீன் அடுக்கிய தட்டு, அரிசித் தட்டைவிட நீளமானது. குட்டிக்கு ஒன்று, கிழட்டு நாய்க்கு ஒன்று, கொழுத்ததுக்கு ஒன்று. வந்த புதிதில் அதன் முன்னால் வாய் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். போன மாதம் எங்கள் ரோசியை ஊசிக்குக் கொண்டுபோனபோது, இது என்ன சாப்பிடுகிறது என்று மிருக வைத்தியர் கேட்டார். நாங்கள் சமைப்பதில் ஒரு பங்கு என்று அரைகுறை ஜெர்மனில் சொன்னேன். அந்த அம்மாவின் முகம் இளகிவிட்டது. உள்ளே போய் ஹுண்டெஃபுட்டர் என்ற நாய்த்தீன் ஒரு பை கொண்டுவந்து, இது இலவசம், கஷ்டமென்றால் கேட்கத் தயங்காதீர்கள் என்றார். நாய்க்குத் தீன் வாங்க வழியில்லாத குடும்பம் என்று நினைத்துவிட்டார். அன்பாகத் தருவதை மறுக்க எனக்கு வராது, வாங்கிக்கொண்டேன். ஆனால், மனிதச் சாப்பாடு நாய்க்குக் கூடாது என்று அவர் சொன்னதும் எனக்குள் ஒரு பழைய ரோஷம் எழும்பி உட்கார்ந்தது. இந்த வழக்கை நாங்கள் கொழும்பு வெள்ளவத்தையில் ஏற்கெனவே பேசி வென்றவர்கள்.

சண்டைக் காலம். இவர், என் கணவர், ஜெர்மனிக்கு முதலே வந்துவிட்டார். நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, விசா வரும்வரை இவருடைய அக்காவோடு, காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், வாடகை அறையில் இருந்தேன். மச்சாள் என்றுதான் அவவைக் கூப்பிடுவேன். அந்த ஒழுங்கைக்கு ஒரு வெள்ளை நாய் இருந்தது. முன்வீட்டுச் சிங்களப் பெண் குசுமா அதைச் சுது என்பார். நாங்கள் வெள்ளையன் என்போம். இரண்டு பெயருக்கும் அது வாலாட்டும். மச்சாள் தினமும் உலையிறக்கியதும் கறி படாத வெறுஞ்சோற்றை அதற்கு எடுத்துவைப்பா. உப்புப் பட்டால் நாய்க்கு மயிர் கொட்டும் என்பது அவவின் கட்சி.

கந்தசஷ்டி நாட்களில் ஒருநாள் வெள்ளையன் சுருண்டு விழுந்து வயிற்றிலுள்ளதை எல்லாம் சத்தி எடுத்தது. குசுமா அழுதுகொண்டு ஒழுங்கைக்கு வந்தார். தெமள ஆட்கள், அதாவது தமிழர், என்ன போட்டார்களோ என்று யாரோ ஒருவர் சொல்ல, அதற்குள் நான்கு பேர் கூடிவிட்டார்கள். அந்த நாளில் அப்படி ஒரு சொல் பொலிசுக்குப் போனால், நாய் பிழைத்தாலும் நாங்கள் பிழைக்க மாட்டோம். அறையை வாடகைக்குத் தந்த வீட்டுக்காரரும் எங்கள் ஊர் மனிசன்தான். அவருக்குத்தான் முதலில் பயம் பிடித்தது. நாய்க்குச் சோறு வைப்பதை நிறுத்துங்கள், இல்லையென்றால் அறையை விடுங்கள் என்றார். அறையை விட்டால் போக இடமில்லை. தெரிந்த லொட்ஜ்கள் எல்லாம் நிரம்பிக் கிடந்தன. புதிய தமிழ் முகத்துக்குக் கதவு திறக்க எல்லோரும் பயந்தார்கள். கடைசியில் அவரே குரலைத் தாழ்த்தி, "வைக்கிறதெண்டால் பின்பக்கத்தால ஆருக்கும் தெரியாமல் வையுங்கோ தங்கச்சி" என்றார்.

"ஒளிச்சு வைக்க நாங்கள் என்ன நஞ்சே வைக்கிறம், அண்ணை?" என்றா மச்சாள்.

சொல்லிவிட்டு உள்ளே போனா. இந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு இருக்கக் கூடாதா என்று மனசுக்குள் அவவைத் திட்டினேன். விரதம் தொடங்கினால் மீனும் இறைச்சியும் காய்ச்சும் மச்சச் சட்டியைக் கழுவி, தட்டின் உச்சியில் கவிழ்த்துவிடுவது எங்கள் வழக்கம். அதைத் தூக்கிக்கொண்டு வந்து சனத்தின் நடுவில் வைத்தா. அடியில் சிலந்தி கூடு கட்டியிருந்தது. பிறகு ஓர் ஈர்க்குக் குச்சியால் வெள்ளையன் எடுத்த சத்தியைக் கிளறினா. ஊசி மாதிரிப் பிளந்த கோழி எலும்பு ஒன்று வெளியே வந்தது.

"பலன்ன, நோனா. அப்பே கெதர மஸ் நே" என்றா, தன் உடைந்த சிங்களத்தில். பாருங்கள் அம்மா, எங்கள் வீட்டில் இறைச்சி இல்லை. பிறகு வீட்டுக்காரர் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னா: "எங்கட வீட்டில நாயும் சஷ்டி பிடிக்குது, அண்ணை."

தமிழ் கொஞ்சம் விளங்கும் குசுமாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. முந்தின நாள் அவர் வீட்டில்தான் கோழிக்கறி விருந்து. மிச்சம் எங்கே கொட்டப்பட்டது என்று ஒருவரும் கேட்கவில்லை, மச்சாளும் கேட்கவில்லை. நாயை மடியில் போட்டுத் தண்ணீர் பருக்கிவிட்டு, சுதுவுக்கு நாளைக்கும் சோறு வைப்பீர்களா என்று அவர் கேட்டார். மறுநாள் மச்சாள் பின்பக்கத்தால் அல்ல, ஒழுங்கையின் நடுவில் கொண்டுபோய் வைத்தா. அறையும் எங்களுக்கே இருந்தது.

இதையெல்லாம் ஜெர்மனில் சொல்ல எனக்குச் சொல் போதாது. வைத்தியர் சொன்னவற்றில் சரியானதை நான் ஏற்றுக்கொண்டேன். வெங்காயம், முந்திரிகைப்பழம் எனும் திராட்சை, அதைக் காயவைத்த பிளம்ஸ், சொக்லேட் எதுவும் இப்போது ரோசியின் பக்கம் போவதில்லை. சமைத்த எலும்பு பற்றி எங்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. ஆனால் சோற்றை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. போன கிழமை ரோசிக்கு வயிற்றோட்டம் என்று ஓடினேன். ஓரிரு நாளைக்கு உப்பில்லாத வெறுஞ்சோறும் அவித்த கோழி இறைச்சியும் கொடுங்கள் என்று அதே வைத்தியர் எழுதித் தந்தார். நான் சிரித்தேன். ஏன் சிரிக்கிறேன் என்று அவருக்கு விளங்கவில்லை.

வெள்ளவத்தையை விட்டு அசையாத மச்சாளிடம் அன்றைக்கே போனில் சொன்னேன். "அதைத்தானே பிள்ளை நான் அப்பவே வைச்சனான். எலும்பை மட்டும் எடுத்துப்போடு" என்றா.

இப்போது குசினியில், அடுப்புக்குப் பக்கத்து மூலையில், இரண்டு கோப்பைகள் இருக்கின்றன. ஒன்றில் அந்த வைத்தியர் அம்மா தந்த தீன் உருண்டைகள். மற்றதில் இறக்கிய சூட்டில் எடுத்து ஆறவைத்த சோறு. ரோசி இதில் ஒரு வாய், அதில் ஒரு வாய் என்று தின்றுவிட்டு இரண்டுக்கும் நடுவில் படுத்துக்கொள்கிறது. இரண்டில் ஒன்றை எடுத்துவிடச் சொல்லி வீட்டுக்கு வருகிறவர்கள் எனக்குப் புத்தி சொல்வதுண்டு. நான் எடுப்பதாக இல்லை.