ஆயிரத்தோடு நின்றுபோன பட்டியல்

மரியேலா பெந்தாங்கோர் எழுதுவதை மனிதர்கள் படிப்பதில்லை. மொந்தெவிதேயோ துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்த ஒரு மென்பொருள் கம்பெனியில், சொன்ன வேலையைத் தானாகவே செய்து முடிக்கும் ஏஐ ஏஜென்ட்டுகள் பயன்படுத்தும் கருவிகளுக்கு விளக்கம் எழுதுவது அவள் வேலை. இந்தக் கருவி என்ன செய்யும், எப்போது அழைக்க வேண்டும், என்ன பதில் தரும் என்று அவள் எழுதி வைப்பாள். ஏஜென்ட் அதைப் படித்துவிட்டு வேலையில் இறங்கும். அதற்கு முன் பள்ளிப் பாடநூல்கள் எழுதிக்கொண்டிருந்தவள். அங்கே ஒரு வரி தப்பினால் வாத்தியார்கள் சண்டைக்கு வருவார்கள். இங்கே சண்டைக்கு வர ஆளில்லை. எழுதியது அப்படியே நம்பப்பட்டது. அது அவளை உறுத்திக்கொண்டே இருந்தது.

அந்த இலையுதிர் காலத்தில் அவள் மேஜைக்கு வந்த கருவி சின்னது. ஃபோல்டரின் பெயரைக் கொடுத்தால் உள்ளே இருக்கும் கோப்புகளைப் பட்டியலிடும். மரியேலா ஒரு ஃபோல்டரில் கண்டதையும் போட்டு நிரப்பிச் சோதித்தாள். பட்டியல் ஆயிரத்தோடு நின்றுவிட்டது. நின்றதாகவும் சொல்லவில்லை. முதல் வரியில் கருவியின் வேலையை எழுதினாள். இரண்டாவது வரியில், ஆயிரத்துக்கு மேல் இருந்தால் மீதி தெரியாது, திரும்பக் கேட்க வேண்டும் என்று சேர்த்தாள்.

குழுத் தலைவர் வால்தெமார் ஒலிவேரா, அக்குளில் வெந்நீர்க் குடுவையும் கையில் மாத்தே இலைத் தேநீர்க் குவளையுமாக வந்து நின்று படித்தார்.

"ரெண்டாவது வரி எதுக்கு? ஒவ்வொரு தடவையும் ஏஜென்ட் இத முழுசாப் படிக்கணும். நீ கத எழுதிக்கிட்டிருக்க."

"பாதியில நின்னுடுது வால்தெமார். நின்னுட்டேன்னு வாயத் தொறக்கவும் மாட்டேங்குது."

"ஒரே ஃபோல்டர்ல ஆயிரத்துக்கு மேல கொட்டி வைக்கிறவன் எவன்? அவன் வீட்டுத் துணி அலமாரிய நான் ஒரு நாள் பாக்கணும்!"

அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். இரண்டாவது வரியை அழித்தாள். 'ஃபோல்டரில் உள்ள எல்லாக் கோப்புகளையும் காட்டும்' என்ற வரி மட்டும் நின்றது.

அப்படிக் கொட்டி வைத்திருந்தவள் இராசெமா பகுந்தெஸ். வடக்கே, தக்குவரெம்போவில் ஒரு சின்ன வானொலியை நடத்துபவள். ஊரின் இறைச்சிக் குளிர்பதன ஆலையில் அம்மோனியா கசிந்து பலருக்கு நுரையீரல் கெட்டபோது, தொழிலாளர்களை ஒவ்வொருவராக உட்காரவைத்துப் பேச விட்டுப் பதிவு செய்தாள். வழக்கு இன்னும் நடந்துகொண்டிருந்தது. எல்லாப் பதிவுகளும் ஒரே ஃபோல்டரில் இருந்தன. பழைய கணினி தள்ளாடத் தொடங்கியதும், அவற்றைப் புதிய இடத்துக்கு மாற்றிவிட்டுப் பழையதைக் காலி செய்யும்படி ஓர் ஏஜென்ட்டிடம் ஒப்படைத்தாள். ஏஜென்ட் பட்டியல் கேட்டது. பட்டியலில் வந்ததையெல்லாம் மாற்றியது. மறுபடி பட்டியல் கேட்டு ஒப்பிட்டது. இரண்டும் பொருந்தின. பழைய ஃபோல்டரை அழித்தது. பட்டியலுக்கு வராத மீதிப் பதிவுகளும் அதோடு போயின.

குளிர் இறங்கிய ஒரு காலையில் இராசெமாவின் புகார் அலுவலகத்துக்கு வந்தது. ஏஜென்ட் எப்படி யோசித்தது என்ற பதிவை மரியேலா திறந்து படித்தாள். 'கருவியின் விளக்கப்படி இதுவே முழுப் பட்டியல்' என்று அதில் இருந்தது.

வால்தெமார் கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார்.

"ஏஜென்ட் செஞ்ச தப்புன்னு அந்தம்மாவுக்கு ஒரு பதில் எழுதிக் குடு. அப்படித்தான் எல்லாரும் எழுதுறாங்க."

"அது தப்பு பண்ணல. நான் என்ன எழுதினேனோ அதச் செஞ்சிருக்கு."

"உன்னத் தூக்குல போடச் சொல்றியா? அழிக்கச் சொன்னது நான்தான், எனக்குத் தெரியும். இப்ப அதப் பேசி என்ன ஆகப்போகுது?"

"இந்தப் பதில நான் எழுத மாட்டேன் வால்தெமார். வேற ஆளப் பாத்துக்கோங்க."

அவர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார். மரியேலா படிக்கட்டில் நின்று இராசெமாவைத் தொலைபேசியில் அழைத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"ஏம்மா, தெரிஞ்சும் அந்த வரிய அழிச்சியா?" என்று கேட்டாள் இராசெமா.

"ஆமாம்மா."

"உன் நல்ல மனச வச்சிக்கிட்டு நான் கோர்ட்ல என்ன பண்ண? போய்ச் சேர்ந்துட்டவங்களும் அதுல பேசியிருந்தாங்க. அவங்கள நீ எழுப்பித் தருவியா?"

அந்த வார இறுதியில், வரலாமா என்று கேட்காமலே மரியேலா பேருந்து ஏறினாள். வானொலி வாசலில் இராசெமா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அழுறதா இருந்தா இப்பவே திரும்பிப் போயிடு. இல்லேன்னா இந்த மைக்கத் தூக்கு."

இருவரும் வீடு வீடாகப் போனார்கள். சிலர் மறுபடி பேசினார்கள், ஆனால் முதல் தடவை வந்த கோபம் குரலில் வரவில்லை. சிலர் ஊரைவிட்டே போயிருந்தார்கள். கசிவு நடந்தபோது அம்மோனியா குழாயின் வால்வுக்குப் பக்கத்தில் நின்றிருந்த நில்சன் என்பவர் கதவை அரைகுறையாகத் திறந்தார். பேசுவதற்குள் இருமல் வந்து அவரைக் குலுக்கி எடுத்தது.

"ஒரு தடவ சொன்னேன். சொல்லி முடிச்சு ஒரு மாசம் தூங்கல. திரும்பவும் சொல்லச் சொல்றீங்களே, உங்களுக்கு இரக்கம் இருக்கா?"

"இவர விட்டா வால்வப் பத்திச் சொல்ல ஆளில்ல," என்று இராசெமா தாழ்ந்த குரலில் மரியேலாவிடம் சொன்னாள்.

மரியேலா வாயெடுத்தாள். கெஞ்சுவதற்கு வார்த்தைகள் இருந்தன. அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்ற நிலையைப் பார்த்ததும் மைக்கைக் கீழே தாழ்த்தினாள்.

"வேண்டாங்க. உள்ள போய்ப் படுங்க."

கதவு சாத்தப்பட்டது. இராசெமா அவளைத் திட்டவுமில்லை, தேற்றவுமில்லை. திங்கட்கிழமை மரியேலா அலுவலகம் போனபோது, கருவியின் விளக்கத்தில் அந்த இரண்டாவது வரியை யாரோ மறுபடி சேர்த்திருந்தார்கள். வால்தெமார் தலை நிமிரவில்லை. வழக்கு அந்த ஆண்டு தீர்ப்பாகவில்லை. வால்வைப் பற்றிய சாட்சி இல்லாமலே அது நடந்துகொண்டிருந்தது.