குடிக்காவிட்டால் என்ன ஆகும்

ராயபுரத்தில் கடல்மூட்டம் இறங்கும் மாலைகளில், துறைமுக மதில் ஓரமாக இருவர் நடந்து வருவது இன்றும் என் கண்ணுக்குள் தெரிகிறது. முன்னால் நைனா; அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். எதிரே வருபவர்களையெல்லாம் நிறுத்தி நலம் விசாரித்துப் பாடிக்கொண்டே வருவார். பின்னால் அவர் தம்பி, என் சித்தப்பா, மதிலை ஒரு கையால் தடவியபடி, வாய் திறக்காமல். இருவரும் கப்பலில் மூட்டை இறக்குபவர்கள். ஒரே கடையில் ஒரே பானைக் கள்ளைக் குடித்துவிட்டு வருபவர்கள்.

மதுவிலக்கு வந்து கடை மூடியது. நைனாவுக்கு வேண்டியிருந்தது கூட்டாளிகளும் பேச்சும்தான் போலும். ஒரே மாதத்தில் டீக்கடை பெஞ்சில் அதே பாட்டு, அதே சிரிப்பு. சித்தப்பாவோ மரத்துக்குப் பூசும் வார்னிஷில் தண்ணீர் கலந்து குடிக்கத் தொடங்கினார். “நான் வுடல? உனக்கு மட்டும் இன்னாடா?” என்று நைனா திட்டுவார். ஒருநாள் அடித்தேவிட்டார். சித்தப்பா தடுக்கக்கூடக் கை தூக்கவில்லை.

அம்மா அவர் உதட்டு ரத்தத்தைத் துடைத்தபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

“யுத்த நேரத்துல கப்பல்ல கயிறு அறுந்துச்சே அண்ணி, என் ஜோடிக்காரன் மூட்டைக்கு அடியில மாட்டிக்கினானே. கண்ண மூடுனா எம்பேரச் சொல்லிக் கூப்புடுறான். குடிச்சாதான் கேக்கல.”

அம்மா அதை நைனாவிடம் சொன்னாள். மறுநாள் அவர் வேலைக்குப் போகவில்லை. தம்பியைக் குடிக்க விடாமல் காசிமேட்டு மணலுக்கு அழைத்துப்போய், கட்டுமர நிழலில் படுக்க வைத்து அருகில் உட்கார்ந்துகொண்டார். பல நாள் அப்படியே போயிற்று. நான் கஞ்சி கொண்டுபோன ஒரு பகலில் நைனா கேட்டுக்கொண்டிருந்தார்:

“இப்போ கூப்புடுறானா?”

“உம்.”

“கூப்புட்டும். நான் இங்கதான் கீறேன்.”

பின்னாளில் நான் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தபோது குடிநோயாளிகள் பலர் வந்தார்கள். எவ்வளவு குடிப்பீர்கள் என்று டாக்டர்கள் கேட்பார்கள். குடிக்காவிட்டால் என்ன ஆகும் என்று நான் கேட்பேன். ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்லி நான் கேட்டதில்லை.

சித்தப்பா முழுவதுமாக விட்டுவிடவில்லை. சில மாதங்கள் நிற்பார், மறுபடி விழுவார். ‘நான் வுடல?’ என்று நைனா அவரை அதன்பிறகு ஒருமுறையும் கேட்டதில்லை. குடிக்காத நாட்களில் ஒரு ஞாயிறு, வெயில் ஏறியும் சித்தப்பா அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் வெயில் படாதபடி வாசலில் வேட்டியை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார் நைனா.

“தூங்குறான், மெதுவா” என்றார். நாங்கள் ஒவ்வொருவராக அவர் கைக்குக் கீழே குனிந்து வெளியே போனோம்.