ஒற்றைச் சிறுநீரகமும் பதினெட்டு நொடியும்

நியமன ஆணைப்படி அவர் ‘எம்.ஆர்.ஐ. கருவி இயக்குபவர், நிலை இரண்டு. மருத்துவர் கேட்கும் படங்களை உரிய நேரத்தில் எடுத்து அனுப்புவார்; படங்கள் குறித்துக் கருத்துக் கூற அதிகாரமற்றவர்.’ கருத்துச் சொல்லாமல் அவரால் டீகூடக் குடிக்க முடியாது என்பது இருபத்திரண்டு வருடம் கூட வாழ்ந்த கணவரின் சாட்சியம். ஸ்கேன் பிரிவில் அவருக்குக் கறாரக்கா என்று பெயர்.

அன்று மேசையில் படுத்திருந்தவர் காய்கறிச் சந்தையில் ஏலம் விடுபவர். அவருக்கு இருப்பது ஒரே சிறுநீரகம். மற்றது சின்ன வயதிலேயே போய்விட்டது. மிச்சமிருந்ததன் நடுவில் மூன்று சென்டிமீட்டரில் ஒரு கட்டி. புற்றுநோயா, கொழுப்பு கலந்த சாதுக் கட்டியா என்று சி.டி. ஸ்கேன் சொல்லவில்லை. எம்.ஆர்.ஐ.யும் கைவிரித்தால் மறுநாள் காலை சிறுநீரகத்தையே எடுத்துவிடுவதாக முடிவு. பிறகு ஆயுள் முழுக்க டயாலிசிஸ்தான்.

படம் தெளிவாக விழ, ஒவ்வொரு படவரிசைக்கும் பதினெட்டு நொடி மூச்சை அடக்க வேண்டும். ஊரே கேட்கக் கத்துகிற மனிதருக்கு ஆறு நொடி சும்மா இருக்க வரவில்லை. படங்களில் கட்டி எது, குடல் எது என்றே பிரியவில்லை.

“போதும்க்கா. ‘தெளிவில்லை’ன்னு எழுதிடறேன். வெளியில கூட்டம் நிக்குது,” என்றார் படம் பார்க்கும் டாக்டர்.

“உங்களுக்கு அது ஒரு வரி. அவருக்கு ஒரு கிட்னி. இதை நான் அனுப்பமாட்டேன்.”

“உங்களுக்கு அந்த அதிகாரம் இல்லையே.”

“இல்லதான். அதான் கேக்காம செய்றேன்.”

கறாரக்கா உள்ளே போய் ஏலக்காரரின் தலைமாட்டில் நின்றார்.

“ஏண்ணே, மூச்ச அடக்குங்கன்னா இப்படிப் பதறுறீங்க?”

“பொட்டிக்குள்ள ஒரு பொம்பளக் குரல் அதட்டுது. நான் வீட்டுலயே கேக்கமாட்டேன் தங்கச்சி.”

“சந்தையில வாயே மூடமாட்டீங்களா?”

“மூடுவேனே! ‘ரெண்டு தரம்’னு சொல்லிட்டு எவன் கை தூக்குறான்னு பார்ப்பேன். அப்ப மூச்சே வராது.”

கறாரக்கா வெளியே வந்தார். மூச்சை அடக்கச் சொல்லும் பதிவுக் குரலை அணைத்தார். மைக்கை இழுத்துக்கொண்டார்.

“தக்காளி அம்பது கூடை, ஐநூறு ரூபா! ஒரு தரம்... ரெண்டு தரம்!”

உள்ளே சந்தையே அடங்கினாற்போல் அமைதி. பதினெட்டு நொடி.

“மூணு தரம்! மூச்சு விடுங்கண்ணே.”

“அநியாயத்துக்கு அடிமாட்டு விலை தங்கச்சி, மறுபடி விடு,” என்றது பெட்டி.

மறுபடி விட்டார்; மறுபடி மறுபடி விட்டார். இப்போது கட்டி விளிம்போடு தெரிந்தது. ஒரு வரிசையில் கறுத்திருந்தது. கொழுப்பு இருந்தால் மட்டும் கறுக்கிற வரிசையில் இன்னும் கறுத்தது. டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“அக்கா, இது சாது மாதிரிதான் தெரியுது.”

“மாதிரின்னா?”

“ஊசி வழியா கொஞ்சம் சதை எடுத்துப் பார்த்தா உறுதியாயிடும்.”

“அதை எழுதுங்க. அதுக்கு முன்னாடி ஆபரேஷன் டாக்டருக்குப் போன் பண்ணுங்க.”

மறுநாள் அறுவை நடக்கவில்லை. ஊசியில் எடுத்த சதையும் சாதுக் கட்டி என்றே சொன்னது. சிறுநீரகம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. காத்துக் கிடந்தவர்களில் நான்கு பேர் எழுத்துமூலம் புகார் கொடுக்க, நிர்வாகம் விளக்கம் கேட்டது. கறாரக்கா கருத்து எதுவும் சேர்க்காமல் ஒரே வரியில் எழுதிக் கொடுத்தார்: மங்கலாக விழுந்த ஒன்பது வரிசைப் படங்களையும் திரும்ப எடுத்தேன்.