ஒன்பது சிறகுகளுக்குக் கீழே

அண்ணாவின் இந்த நினைவு மலரில் விமானம் பற்றி ஒரு வரியும் வரக்கூடாது என்று பெரிய மாமா சொல்லியிருக்கிறார். முதலாம் வருசத்து ஆட்டைத் திவசத்துக்கு ஆட்கள் வருமுன், வீட்டுக்குள் தொங்குகிற அண்ணாவின் பொம்மை விமானங்களையெல்லாம் கழற்றி எறிய வேண்டும் என்றும், இல்லையென்றால் தான் படி மிதிக்கமாட்டேன் என்றும் சொல்லியிருக்கிறார். அவர் எங்கள் குடும்பத்தில் மூத்தவர். அவர் இல்லாமல் எங்கள் வீட்டில் நல்லதும் நடந்ததில்லை, கெட்டதும் நடந்ததில்லை. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆர் கொஞ்சம் உரத்துக் கதைத்தாலும் நெஞ்சு படபடக்கிறவள். இதை எழுதும்போதும் அச்சகத்தில் பிழை விடுவார்களோ, அன்றைக்கு மழை பெய்யுமோ, சமைத்த சோறு போதாமல் போகுமோ, மாமா வராவிட்டால் ஊர் என்ன சொல்லுமோ என்று ஒரே யோசனையாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் விமானத்தை விட்டுவிட்டு அண்ணாவை எழுத எனக்கு வழி தெரியவில்லை.

எங்கள் அண்ணா தண்ணீரூற்றுக் கிராமத்தில், வயல் செய்து பிழைத்த குடும்பத்தில், அப்பா அம்மாவுக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அவருக்குப் பிறகு நான் மட்டும்தான். படிப்பில் அண்ணா கெட்டிக்காரரும் இல்லை, மொக்கும் இல்லை. பள்ளிக்கூடத்தில் அவருக்குப் பக்கத்தில் இருந்தவர், நாங்கள் எல்லாரும் நானா என்று கூப்பிடுகிற முஸ்லிம் கூட்டாளி. நானாவின் வாப்பாவுக்குச் சந்தியில் பலசரக்குக் கடை. அந்தக் கடையில் ஒரு நாள் செத்தல் மிளகாய் சுற்றிக் கொடுத்த ஆங்கிலப் பத்திரிகைத் தாளில் ஒரு விமானத்தின் படம் இருந்தது. இத்தாலியில் யாரோ வெகு காலத்துக்கு முன் செய்தது. வள்ளம் மாதிரி ஒரு வீடு, அதற்கு மேலே மூன்று மூன்றாக அடுக்கிய ஒன்பது சிறகு, எட்டு இயந்திரம். இரண்டாவது தரம் பறக்கப் போனபோதே தண்ணீரில் விழுந்து உடைந்து போனதாம். அம்மா மிளகாயைக் கொட்டிவிட்டுத் தாளை அடுப்பில் போடப் போனா. அண்ணா பறித்துக்கொண்டு ஓடினார். அன்றைக்குத் தொடங்கிய விசர் என்று அம்மா சாகும்வரை சொன்னா.

பிறகு எங்கள் வானத்துக்கும் விமானங்கள் வந்தன. எப்படி வந்தன என்று இந்த மலரைக் கையில் வைத்திருக்கிறவர்களில் பாதிப் பேருக்கு நான் சொல்லத் தேவையில்லை. மீதிப் பாதிக்குச் சொல்லியும் விளங்காது. பதுங்கு குழிக்குள் அப்பா தேவாரம் சொல்லுவார், நான் காதைப் பொத்திக்கொண்டு குந்தியிருப்பேன், அண்ணா வெளியே தலையை நீட்டுவார். அம்மா சேட்டுக் கொலரைப் பிடித்து இழுப்பா. "டேய், செத்தாத்தான் உன்ரை ஆசை தீருமோ?" என்று கேட்டபடியே இழுப்பா. சகடை என்று நாங்கள் கூப்பிட்ட அந்தப் பெரிய விமானம் உண்மையில் ஆட்களையும் சாமானையும் ஏற்றிப் போகவென்று செய்த பழைய வகை என்றும், கதவைத் திறந்து அதற்குள்ளிருந்து குண்டை உருட்டுகிறார்கள் என்றும் அண்ணா ஒரு நாள் குழிக்குள் வைத்தே விளங்கப்படுத்தினார். அதைச் செய்தவன் இதைக் கண்டால் அழுதுவிடுவான் என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. செய்தவன் அழட்டும், கீழே இருக்கிற எங்களுக்கு ஆர் அழுவது என்று கேட்டேன். அதன் பிறகு அண்ணா இரண்டு நாள் என்னோடு விமானக் கதை கதைக்கவில்லை. மூன்றாம் நாள் தொடங்கிவிட்டார்.

எனக்கு விமானம் பிடிக்காது. இன்றைக்கும் பிடிக்காது. வானத்தில் உறுமல் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிடுவேன். இதை எழுதி வைக்காவிட்டால் நானும் அண்ணாவோடு சேர்ந்த ஒரு விசர் என்று மாமா சொல்லுவார்.

இதற்கிடையில் இயக்கக்காரர் நானாவின் ஆட்களை, முஸ்லிம்கள் எல்லாரையும், ஊரை விட்டே போகச் சொன்னார்கள். அவர்கள் புத்தளத்தில் போய்க் கொட்டில் போட்டார்கள். நாங்களும் பிறகு இடம் இடமாக ஓடினோம். அப்பாவை ஓடிய வழியில் பறிகொடுத்தோம். விமானப் படம் கீறுகிற ஆள் என்று அண்ணாவை அங்கே இயக்கக்காரரும் கூப்பிட்டு விசாரித்தார்கள், முகாமுக்கு வந்த பிறகு இங்கே ஆமிக்காரரும் கூப்பிட்டு விசாரித்தார்கள். இரண்டு இடத்திலும் அண்ணா ஒரே பதிலைத்தான் சொன்னார். ஒன்பது சிறகு விமானம் எப்படி இருக்கும் என்று. இரண்டு இடத்திலும் தலையில் தட்டி அனுப்பினார்கள்.

மீள்குடியேறிய பிறகு அண்ணா சந்தியில் சைக்கிள் திருத்துகிற கடை போட்டார். முகாமில் எங்களுக்குக் கூரையாக இருந்த தறப்பாளை நான் எரிக்கச் சொன்னேன். அவர் கழுவிக் காயவைத்து, வெட்டிச் சிறகாக்கினார். சைக்கிள் சில்லுக் கம்பி எலும்பாகியது. பால்மாப் பேணித் தகரம் காற்றாடியாகியது. ஒரு பக்கத்தில் மட்டும் ஆள் இருக்கிற அறை வைத்த கோணல் விமானம், தட்டு மாதிரி வட்டமான விமானம், வால் முன்னுக்கு வைத்தது, இரட்டை உடம்பு கொண்டது என்று கண்டறியாத உருவங்களெல்லாம் கடைக்குள் தொங்கின. ஊருக்குத் திரும்பி வந்து வாப்பாவின் கடையை மறுபடி திறந்திருந்த நானா, கைத்தொலைபேசியில் இப்படியான விமானப் படங்களைத் தேடி எடுத்துக் கொடுப்பார். சும்மா கொடுக்கமாட்டார்.

"மச்சான், உன்ரை பிளேன் ஒண்டாவது ஒழுங்காப் பறந்ததே? எல்லாம் விழுந்ததுகள்தானே?" என்று பகிடி பண்ணுவார்.

"விழுந்தபடியாத்தான் நானா, ஒருத்தரும் அதிலை குண்டு கட்டேல்லை" என்பார் அண்ணா.

அது எவ்வளவு உண்மையோ எனக்குத் தெரியாது. ஆனால் அவர் மனதுக்குப் பிடித்தவையெல்லாம் அப்படிப்பட்டவைதான். ஒருவன் உட்கார்ந்து, மற்றவர்கள் செய்கிற மாதிரிச் செய்யாமல், தன் பாட்டில் யோசித்துச் செய்து, ஊர் சிரிக்க விழுந்தவை.

இனி மாமா எழுதவேண்டாம் என்ற கதைக்கு வருகிறேன். அது எல்லாருக்கும் தெரிந்த கதைதான். பாதிதான் தெரியும்.

ஒன்பது சிறகு விமானத்தைச் செய்து முடித்த அண்ணா, அதைக் கடைக்குள் தொங்கவிட இடமில்லாமல் வாசல் வேம்பில் கட்டினார். நாலைந்து நாள் அது சும்மா கிடந்தது. பிறகு சோளகக் காற்றுத் தொடங்கியது. மத்தியானம் நான் சோற்றுப் பார்சலோடு போகிறேன். ஒரு பெரிய காற்று வந்து எட்டுத் தகரக் காற்றாடியும் ஒன்றாகச் சுழன்றன. அந்தச் சத்தம் கடையின் தகரக் கூரையில் பட்டு, இரண்டு மடங்காகி, தூரத்திலிருந்து வருகிற மாதிரி வந்தது. ஒருவரும் மேலே பார்க்கவில்லை. மேலே பார்க்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை. பஸ்ஸுக்கு நின்றவர்கள் அப்படியே நிலத்தில் விழுந்தார்கள். எங்கள் எதிர்வீட்டு அக்கா மீன் பையைப் போட்டுவிட்டு றோட்டில் குப்புற விழுந்து, தலைக்கு மேல் கையை வைத்துக்கொண்டா. அவவின் மூத்த மகன் குண்டில் போனவன். நானும் விழுந்தேன். சோறு என் வயிற்றுக்குக் கீழே நசிந்தது.

காற்று நின்றதும் எல்லாரும் எழும்பினார்கள். மேலே பார்த்தார்கள். ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. அக்கா அண்ணாவுக்கு முன்னால் வந்து நின்றா. "என்ரை பிள்ளையைக் கொண்டதை நீ கட்டித் தூக்கி வைச்சு வடிவு பாக்கிறியோ?" என்று கேட்டா. அண்ணா பதில் சொல்லவில்லை. சந்தியில் நின்ற இளந்தாரிகள் தடி எடுத்து வந்து அதை அடித்து நொறுக்கினார்கள். பிறகு கொஞ்சக் காலம் அண்ணாவின் கடைக்குக் காற்றடிக்கவும் ஒருவரும் வரவில்லை. இவன் வேண்டுமென்றே ஆட்களைப் பயப்படுத்தினான் என்று கதை கட்டினார்கள். அப்போது கொழும்பிலிருந்த மாமாவுக்கும் அந்தக் கதை போனது. கலியாணம் கட்டாமல் தகரத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறான் என்று அவர் எங்கள் சொந்தமெல்லாம் கேட்கச் சொன்னார். அண்ணாவின் செத்த வீட்டிலும் சொன்னார்.

உங்களுக்குத் தெரியாத பாதி இதுதான். அந்தச் சத்தம் கேட்டபோது அண்ணா கடைக்குள்ளிருந்து ஓடிவந்து றோட்டில் விழுந்து படுத்தார். அந்தக் காற்றாடிகளைத் தன் கையால் வெட்டி, வளைத்து, ஆணி வைத்துப் பூட்டியவர். அது என்ன சத்தம் என்று உலகத்தில் தெரிந்த ஒரே ஆள். அவர் முகத்தை மண்ணில் வைத்துக்கொண்டு கிடந்தார். எல்லாரும் எழும்பிய பிறகுதான் எழும்பினார். உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. அதனால்தான் அக்காவுக்குப் பதில் சொல்லவில்லை. திமிரில் இல்லை.

அன்று பின்னேரம் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மாதக்கணக்காக இருந்து திரும்பவும் கட்டினார். வீட்டுக்குள் தொங்கவிட்டபோது எல்லாக் காற்றாடியையும் தையல் நூலால் இறுக்கிக் கட்டியிருந்தார். கடையிலிருந்து கொண்டுவந்த மற்ற விமானங்களிலும் கட்டினார். ஊருக்குப் பயந்தோ என்று கேட்டேன்.

"இல்லைத் தங்கச்சி. என்ரை காதுக்கும் வேண்டாம்" என்றார்.

அண்ணா அம்மாவைக் கடைசிவரை பார்த்தார். என் இரண்டு பிள்ளைகளையும் தகப்பன் இல்லாத குறை தெரியாமல் வளர்த்தார். ஒருவர் மனமும் நோகக் கதைக்கமாட்டார். ஒரு நாளும் விமானத்தில் ஏறவில்லை. ஏறவேண்டும் என்று கேட்டதும் இல்லை. மாமா, நீங்கள் கனடாவில் மகனைப் பார்க்க எத்தனை தரம் விமானத்தில் ஏறினீர்கள்? இறங்கி வந்து, அதற்குள் தந்த சாப்பாடு சரியில்லை என்று எங்கள் வீட்டுக் கதிரையில் சாய்ந்திருந்து எத்தனை தரம் சொன்னீர்கள்? அதெல்லாம் விமானம் இல்லையோ? பேணித் தகரத்தில் செய்ததுதான் விமானமோ?

கடைசிக் காலத்தில் அண்ணாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி, இரத்தம் சுத்திகரிக்க வவுனியாவுக்குப் போய்வந்தார். போகிற வழியெல்லாம் எனக்குப் பயம். நானாவின் வான் வண்டி வழியில் நின்றுவிடுமோ, மயங்கி விழுவாரோ, ஊசி ஒத்துக்கொள்ளாமல் போகுமோ என்று. அவருக்குப் பயமில்லை. இயந்திரத்தில் இரத்தம் சுற்றி வருவதைப் பார்த்துவிட்டு, இதையும் முதலில் செய்தவனைப் பார்த்து ஊர் சிரித்திருக்கும் என்றார். படுத்த படுக்கையான பிறகு, ஆஸ்பத்திரி விடுதியில் தலைக்கு மேலே விசிறி கடகடத்தது அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நல்ல வெக்கை, மற்ற நோயாளர்கள் நிறுத்த விடவில்லை. கட்டிலைத் தள்ளி மூலையில் போட்டுத் தந்தார்கள். அங்கே வைத்துத்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் போன பிறகு அதுகளைக் கழட்டிப் போடு. உனக்குப் பயம்தானே" என்றார். நான் ஓம் என்று தலையாட்டினேன். அந்த நேரத்தில் வேறு என்ன செய்வது?

கழற்றவில்லை. போன மாதம் மாமா வீட்டுக்கு வந்து மேலே பார்த்துவிட்டு, தன் தடியாலேயே ஒன்றைத் தட்டிவிடப் போனார். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதிர்வீட்டு அக்கா அப்போது தன் வீட்டு வேலிப் படலையடியில் நின்றா. அன்றைக்குப் பிறகு எங்கள் வீட்டுக்குள் கால் வைக்காதவ. அண்ணாவின் உடல் கிடந்தபோதும் றோட்டில் நின்று பார்த்துவிட்டுப் போனவ. மாமா அவவைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்.

"பிள்ளை, நீயே சொல்லு. பிள்ளையைப் பறிகுடுத்தனி. உதுகளைக் கழட்ட வேணுமோ இல்லையோ?"

அக்கா றோட்டைக் கடந்து எங்கள் படலை வரைக்கும் வந்தா. உள்ளே வரவில்லை.

"எனக்கு உதுகளைக் கண்ணிலை காட்டக்கூடாது, ஐயா. ஆனா கழட்டச் சொல்ல நீங்கள் ஆர்? அண்டைக்கு நான் றோட்டிலை விழுந்து தலையைத் திருப்பினன். பக்கத்திலை அந்த மனுசன் கிடந்தது, வாயெல்லாம் மண். நீங்கள் எங்கை படுத்தனீங்கள்?"

மாமா தடியை ஊன்றிக்கொண்டு போனவர்தான். பிறகு தொலைபேசியில் சொன்ன கட்டளைதான் நான் மேலே எழுதியது.

வவுனியாவுக்குத் தன் வான் வண்டியில் ஏற்றி இறக்கிய நானாவுக்கும், எட்டாம் நாள் எட்டுச் செலவுச் சடங்குக்குச் சமைத்துத் தந்த அயலவர்களுக்கும், கட்டிலை மூலைக்குத் தள்ளித் தந்த விடுதிப் பணியாளர்களுக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது. அன்று விமானத்தை உடைத்த தம்பிமாருக்கும் நன்றி. துண்டுகளை றோட்டிலேயே விட்டுப் போனீர்கள். ஒன்றும் குறையாமல் பொறுக்க முடிந்தது.

திவசத்துக்கு எல்லாரும் வரவேண்டும். அக்காவுக்கு முற்றத்தில், விமானங்கள் கண்ணில் படாத பக்கமாக, றோட்டைப் பார்த்தபடி ஒரு கதிரை போட்டிருக்கிறேன். இலையும் அங்கேயே வரும். பெரிய மாமா வருவதும் வராததும் அவர் விருப்பம். வந்தால் குடும்பத்தில் மூத்தவருக்குரிய கதிரை உள்ளே, ஒன்பது சிறகு விமானத்துக்கு நேர் கீழே இருக்கிறது. பயப்படாமல் இருக்கலாம். காற்றாடிகள் அண்ணா கட்டியபடியேதான் இருக்கின்றன. நூலை நான் ஒவ்வொரு வெள்ளியும் பார்க்கிறேன்.