எதிர்வீட்டுத் தட்டு

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் நஷ்வா பொய் சொல்லியிருக்க மாட்டாள். தன் தலையே குனிகிற மாதிரி ஒரு விஷயத்தை யாராவது கட்டிச் சொல்வார்களா? நடந்தது குவைத்தில், பர்வானியாவில், ஒரு மூன்றாவது மாடியில். அதுவும் பட்டப்பகலில்.

நஷ்வாவின் கணவன் வஜ்திக்கு அங்கே ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார் வேலை கிடைத்திருந்தது. எகிப்தில், மன்சூராவில் இருந்த வீட்டைக் காலி செய்து, சாமான்களை விற்றுவிட்டு, ஆறு வயது மகள் தாலியாவோடு வந்து இறங்கினார்கள். புது வீட்டில் மூன்று மெத்தைகள்தான் இருந்தன. துணி கொண்டுவந்த அட்டைப்பெட்டியே சாப்பாட்டு மேசை. அடுப்பு இருந்தது, காஸ் சிலிண்டர் வரவில்லை. வேளாவேளைக்கு ரொட்டியும் டப்பா மொச்சையும். ஆனால் ஊரிலிருந்து நாத்தனார் போனில் கேட்டபோது, "சோபாவெல்லாம் இருக்கு. உட்கார்ந்தா எழுந்திருக்கவே மனசு வராது" என்று நஷ்வா அளந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கதவு தட்டப்பட்டது. டக்... டக்... டக். விரல் மோதிரம் மரத்தில் பட்டுத் தெறிக்கிற சத்தம்.

எதிர்வீட்டு அம்மாள். சிரியாக்காரர், வயதானவர், தனியாக இருப்பவர். மகன் பெயரைச் சேர்த்து உம்மு கஸ்ஸான் என்றுதான் கட்டடத்தில் எல்லாரும் கூப்பிடுவார்கள். கையில் நீலப்பூ போட்ட தட்டு. தட்டு நிறைய, அரிசி வைத்துச் சுருட்டிய திராட்சை இலை.

"புதுசா வந்திருக்கீங்களா மகளே? சூடு ஆறுறதுக்குள்ள சாப்பிடுங்க. அப்படியே ஒரு வாய் காபி குடிச்சுட்டுப் போகலாம்னு வந்தேன்."

நஷ்வா வாசலை உடம்பால் அடைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே கூப்பிட்டால் எதில் உட்கார வைப்பது? அட்டைப்பெட்டியிலா?

"குழந்தை தூங்குறா..." என்றாள்.

"அதனால என்ன, நாளைக்கு வரேன்."

உள்ளே ஒரே இடத்தில் உட்கார்ந்து வஜ்தி முக்கால் தட்டைக் காலி பண்ணினான். "இந்தம்மா எதிர்ல இருந்தா நமக்கு காஸே வேண்டாம் போல."

"தின்னுட்டுப் பேசு. தட்டை எப்படித் திருப்பிக் கொடுக்கிறது?"

அவர்கள் ஊரில் சாப்பாடு வந்த தட்டை வெறுமையாகத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். ஒரு கை சாதமாவது வைத்துத்தான் கொடுப்பார்கள். அதுவும் தன் கையால் சமைத்ததாக இருக்க வேண்டும். கடைப் பலகாரத்தை வைத்தால், 'இவளுக்கு அடுப்பு மூட்டத் தெரியாதா?' என்பார்கள். நஷ்வா தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். சிலிண்டர் வரட்டும்.

திங்கட்கிழமை. வஜ்தி பள்ளியில் இருந்தான். மதியத் தொழுகைக்கான அழைப்பு ஓய்ந்ததும், டக்... டக்... டக்.

நஷ்வா உதட்டின் மேல் விரல் வைத்து தாலியாவைப் பார்த்தாள். குழந்தை மூச்சுக் காட்டவில்லை. கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது.

ராத்திரி வஜ்தி சிரித்தான். "'சிலிண்டர் வரலம்மா'ன்னு சொன்னா உன் கிரீடம் கழண்டு விழுந்துடுமா மகாராணி?"

"விழும். உனக்கென்ன தெரியும்?"

செவ்வாய்க்கிழமையும் அதே நேரம். டக்... டக். இடைவெளி அதிகம். சத்தம் தலை உயரத்தில் இல்லை, கைப்பிடி உயரத்தில் கேட்டது. 'பாவம், கால் வலியோ என்னவோ' என்று நினைத்தாள். நினைத்தாளே தவிர, திறக்கவில்லை.

புதன்கிழமை... முழங்கால் உயரத்தில்.

நஷ்வா நுனிக்காலில் போய்க் கண்ணாடித் துளை வழியாகப் பார்த்தாள். நடை வெறிச்சென்று கிடந்தது. எதிர்வீட்டுக் கதவு சாத்தியிருந்தது.

சத்தம் மட்டும் நிற்கவில்லை.

ஒருவேளை எதிர்க் கதவில் கேட்கிறதோ? தன் கதவின் கீழ்ப்பலகையில் உள்ளங்கையை வைத்தாள்.

பலகை அதிர்ந்தது.

வியாழக்கிழமை தட்டவில்லை. சுரண்டியது... தரையை ஒட்டி.

சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். தாலியா குப்புறப் படுத்துக் கிடந்தாள். வாயைக் கதவிடுக்கில் வைத்து ஏதோ குசுகுசுத்துக்கொண்டிருந்தாள்.

"யாருகிட்டடீ பேசுறே?"

"விஸால் ஆன்ட்டிகிட்ட."

"யாரு விஸால்?"

"தட்டு ஆன்ட்டிம்மா. தட்டுல எதுவும் வேண்டாமாம்..."

நஷ்வா குனிந்து அவள் தோளைப் பிடித்தாள்.

"கதவைத் திறந்தா போதுமாம்."

நஷ்வா குழந்தையைத் தூக்கிக்கொண்டு படுக்கையறைக்குள் போய்த் தாழிட்டாள்.

திறக்கவில்லை.

அன்று இரவு சிலிண்டர் வந்தது. வெள்ளிக்கிழமை காலையில் பாலில் அரிசியைக் குழையவிட்டு, சர்க்கரை சேர்த்து, மேலே இலவங்கப்பட்டைப் பொடி தூவினாள். நீலப்பூத் தட்டு நிறைய ஊற்றி எடுத்துக்கொண்டு நடையைக் கடந்தாள். நேற்றுச் சுரண்டியது பூனை, குழந்தை பேசியது விளையாட்டு என்று சொல்லிக்கொண்டதில் மனம் லேசாகியிருந்தது. மன்னிப்புக் கேட்கக்கூட வாக்கியம் தயாராக வைத்திருந்தாள்.

தட்டினாள். பதில் இல்லை.

அப்போதுதான் அந்த வாடை வந்தது.

தட்டை அங்கேயே தரையில் வைத்துவிட்டு ஓடினாள். வஜ்தி காவலாளியைக் கூப்பிட்டான். காவலாளி போலீசைக் கூப்பிட்டான்.

கதவை முழுதாகத் திறக்க முடியவில்லை. அம்மாள் அதன் பின்னால்தான் கிடந்தார். மூடிய கை கீழ்ப்பலகையை ஒட்டியிருந்தது. விரல் முட்டிகளில் தோல் இல்லை.

திங்கட்கிழமை பக்கவாதம் வந்து விழுந்திருக்கிறார் என்றார் மருத்துவர். உடனே உயிர் போகவில்லை. செவ்வாய் இரவு வரை இருந்திருக்கலாம்.

"ஏதாவது சத்தம் கேட்டுச்சா?" என்று போலீஸ்காரர் கேட்டார்.

வஜ்தி நஷ்வாவைப் பார்த்தான்.

"இல்ல" என்றாள் நஷ்வா.

அம்மானிலிருந்து மகன் கஸ்ஸான் வந்தார். அடக்கம் முடிந்த மறுநாள் அவர் கதவைத் தட்டினார். நஷ்வா உடனே திறந்தாள். அட்டைப்பெட்டி தெரிந்தது. தெரிந்துவிட்டுப் போகட்டும் என்று நின்றாள்.

அவர் கையில் நீலப்பூத் தட்டு. அதில் பேரீச்சம்பழம்.

"அம்மா வாசல்ல உங்க பால்சோறு இருந்ததுன்னு காவலாளி சொன்னார். இத்தனை வீடு இருக்கே, அம்மாவை நெனைச்சது நீங்க மட்டும்தான் தங்கச்சி. வெறும் தட்டாக் கொடுத்தா அம்மாவுக்குப் பிடிக்காது. வச்சுக்குங்க."

நஷ்வாவால் தரையைத் தவிர எங்கேயும் பார்க்க முடியவில்லை. வாங்கிக்கொண்டாள்.

அம்மாவின் அங்கி ஓரமாக தாலியா எட்டிப் பார்த்தாள். "ஐ... விஸால் ஆன்ட்டி தட்டு!"

கஸ்ஸானின் முகம் மாறியது.

"அந்தப் பேரு இங்கே யாருக்கும் தெரியாதே... எங்கப்பா மட்டும்தான் அப்படிக் கூப்பிடுவார். அவர் போனப்புறம் அம்மா அந்தப் பேரை வெளியே சொன்னதே கிடையாது."

குழந்தையின் உயரத்துக்குக் குனிந்தார்.

"உனக்கு யாரும்மா சொன்னா? எப்போ?"

தாலியா வாயைத் திறந்தாள். பிறகு நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள்.

நஷ்வா உதட்டின் மேல் விரல் வைத்திருந்தாள்.